பிளாஸ்டிக் எரிமலையும் என் அண்ணனின் அறுபதும்

டெக்சஸில், இர்விங்கிலிருந்து விமான நிலையத்தைச் சுற்றிக்கொண்டு போகும் ஃப்ரீவே ஓரத்தில், இப்போது டிராம்போலின் பார்க் இருக்கிற கட்டடத்தில், சில வருஷங்களுக்கு முன்பு ஓர் எரிமலை இருந்தது. ஃபைபர் எரிமலை. உள்ளே சிவப்பு பல்பும் புகை மெஷினும். நிகழ்ச்சி தொடங்கும்போது ஒரு தரம் குமுறும், முடியும்போது ஒரு தரம் குமுறும். அந்தச் சத்தத்தில் பக்கத்து மெத்தைக் கடைக்காரர் சுவரைத் தட்டுவார். வாசலில் பிளாஸ்டிக் தென்னை. உள்ளே நுழைந்ததும் கழுத்தில் பிளாஸ்டிக் பூமாலை போட்டு “அலோஹா” என்பார்கள். சொல்கிறவர்களில் ஒருவர்கூட ஹவாய் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அத்தனை பேரும் டோங்காக்காரர்கள். பசிபிக் கடலில் டோங்கா என்று ஒரு தீவு நாடு இருப்பதே டெக்சஸில் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த நாட்டு ஜனங்கள் விமான நிலையத்தில் வேலைக்கு வந்து, பக்கத்து ஊரான யூலெஸில் தெருத்தெருவாகக் குடியேறியிருப்பதும் தெரியாது.

முதலாளி ஒரு வெள்ளைக்காரர். ஹனிமூனுக்கு ஹவாய் போய்வந்ததிலிருந்து பசிபிக் பெருங்கடல் முழுவதும் தனக்கு அத்துப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தார். வேலை செய்பவர்களை எல்லாம் “கசின், கசின்” என்று கூப்பிடுவார். சம்பள நாளில் மட்டும் அந்த உறவு கொஞ்சம் தூரத்து உறவாகிவிடும். ஒரே மாலையில் ஐந்து தீவுகளின் நடனம் என்று போர்டு வைத்திருந்தார். ஐந்து தீவுக்கும் அதே ஆறேழு பேர்தான், பாவாடையை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு வருவார்கள். நம் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஒரே பையன் முதலில் பஞ்சாபியாகவும் அப்புறம் காஷ்மீரியாகவும் வருவானே, அந்தக் கதைதான்.

எல்லாவற்றையும் விட எனக்குச் சிரிப்பு மூட்டியது அந்தப் பன்றி. கட்டடத்துக்குப் பின்னால், பார்க்கிங் ஓரமாக, மணல் கொட்டிய ஒரு குழி இருந்தது. விருந்தாளிகள் எல்லாரும் சுற்றி நிற்க, சங்கு ஊதி, மந்திரம் மாதிரி ஏதோ முழங்கி, மண்ணைத் தோண்டி வெந்த பன்றியை வெளியே எடுப்பார்கள். கூட்டம் ஆஹா ஓஹோ என்று ஃபோனைத் தூக்கிப் பிடிக்கும். அந்தக் குழியில் ஒருநாளும் நெருப்பு எரிந்ததில்லை. எரிய விட்டால் ஃபயர் டிபார்ட்மெண்ட் வந்து நிற்கும். பன்றியை யூலெஸில் ஒரு வீட்டுக் கொல்லையில் விடியற்காலையே வேகவைத்து, பிக்கப் டிரக்கில் போட்டுக் கொண்டுவந்து, யாரும் வருவதற்கு முன்னால் மணலில் புதைத்துவிடுவார்கள். பிறகு புதைத்தவர்களே பயபக்தியோடு தோண்டி எடுப்பார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த நிகழ்ச்சியை நடத்தியவள் என் எதிர்வீட்டுக்காரி. எங்கள் அப்பார்ட்மெண்டில் மாடிப்படிக்கு இந்தப் பக்கம் என் கதவு, அந்தப் பக்கம் அவள் கதவு. என் வயதுதான். வார நாட்களில் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற ஆட்களை மேய்க்கிற வேலை. விமானச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி அவள் சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுவது மாதிரி இருக்கும். வெள்ளி, சனி மாலைகளில் எரிமலைக்கு வந்துவிடுவாள். அங்கே அவள் வைத்ததுதான் சட்டம். பன்றி வேகவைத்ததும், மேடையில் தீப்பந்தம் சுழற்றியதும் அவளுடைய தம்பி. கதவில் நுழைய அவர் பக்கவாட்டில் திரும்ப வேண்டும், அப்படி ஓர் உடம்பு. அவருடைய மகள்தான் ஆடுகிற பெண்களில் மூத்தவள். காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள்.

“அந்த பிளாஸ்டிக் குப்பையைப் பார்த்துவிட்டு எங்களை எடைபோடாதே,” என்று ஒருநாள் ஆங்கிலத்தில் அதட்டிவிட்டு, என்னைத் தன் சர்ச்சுக்கு அழைத்துப்போனாள். அங்கே போனபிறகுதான் அந்த மனிதர்களைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை பிளாஸ்டிக் புல் கட்டிக்கொண்டு இளித்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை இடுப்பில் கோரைப்பாய் மாதிரி ஒன்றைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பாய் எவ்வளவு பழசோ அவ்வளவு மதிப்பாம். நைந்துபோன பாயைச் சுற்றியவருக்கு எல்லோரும் வழிவிட்டார்கள். வாத்தியம் எதுவும் இல்லாமல் அவர்கள் பாட ஆரம்பித்தபோது நான் உட்கார்ந்திருந்த பெஞ்சே அதிர்ந்தது. கர்நாடக சங்கீதம் தவிர உலகத்தில் சங்கீதம் கிடையாது என்று சாதிக்கிற எங்கள் வீட்டு ஆட்களை அந்த பெஞ்சில் இழுத்துவந்து உட்கார வைத்திருக்க வேண்டும்.

பிரார்த்தனை முடிந்து ஹாலில் சாப்பாடு. யாரோ ஒரு பிள்ளையின் பட்டமளிப்பு விருந்து. எதிர்வீட்டுக்காரியின் தம்பி மகள் தனியாக ஒரு நடனம் ஆடினாள். கை முழுக்க எண்ணெய் தடவி மினுமினுத்தது. முழங்கால்கள் ஒட்டியபடியே இருக்க, மணிக்கட்டும் விரல்களும் மட்டும் பேசின. தலையை ஒரு வெட்டு, ஒரு சின்னச் சிரிப்பு, அவ்வளவுதான். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எதிர்வீட்டுக்காரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். நேரே அந்தப் பெண்ணுக்குப் பின்னால் போய், கையைக் காலை உதறி, கண்ணை உருட்டி, பிடரியில் அடிபட்ட மாதிரி குதிகுதி என்று குதித்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மற்றவர்கள் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வரும்போது காரில் விளக்கம் கேட்டேன். அழகாக ஆடுகிற பெண்ணுக்குப் பின்னால் சொந்தக்காரர்கள் கோமாளித்தனமாகக் குதிப்பார்களாம். இவர்கள் எவ்வளவு கண்றாவியாக ஆடுகிறார்களோ அந்த அளவுக்கு அவள் அழகு எடுத்துக் காட்டுமாம். அதிலும் அத்தை குதிப்பது தனிப் பெருமை. ஏனென்றால் டோங்காவில் குடும்பத்திலேயே பெரிய ஆள் அப்பாவின் சகோதரிதான். அண்ணனோ தம்பியோ, சகோதரியின் முன்னால் சத்தம் போட்டுப் பேசக்கூட மாட்டான். அவன் பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது எதுவானாலும் அத்தை வந்து உட்கார்ந்த பிறகுதான் தொடங்கும். “அவ்வளவு பெரிய ஆள் இறங்கிவந்து அவளுக்காகக் கோமாளி ஆகிறேன், புரிகிறதா?” என்றாள். புரிந்தது. புரிந்ததால்தான் வயிறு எரிந்தது.

ஏனென்றால் நானும் ஓர் அத்தை. என் அண்ணன் பிளானோவில் இருக்கிறான். லெகசி என்கிற ஆபீஸ் பேட்டையில் பெரிய கம்பெனியில் பெரிய வேலை. அவன் ஒரு மெயில் அனுப்பினால் மூன்று நாட்டில் ஆட்கள் தூக்கத்திலிருந்து எழுந்துகொள்வார்கள். அப்பா அம்மா போன பிறகு பிறந்த வீடு என்று எனக்கு இருப்பது அவன் ஒருத்தன். அவனுக்கும் நான் ஒருத்திதான் தங்கை. என் கணவர் இறந்ததிலிருந்து அண்ணனுடைய வீட்டு விசேஷங்களில் எனக்கு ஒரு வேலை ஒதுக்கப்படும். அந்த வேலை எப்போதும் சமையலறையிலோ, பார்க்கிங்கிலோ, குழந்தைகள் மேஜைப் பக்கமோ இருக்கும். மேடைப் பக்கம் இருக்காது. யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்ல மாட்டார்கள். எல்லோரும் படித்தவர்கள் இல்லையா, அதனால் நாசூக்காகச் செய்வார்கள். விதவை என்ற சொல்லே இல்லாமல் விதவையை ஓரமாக நகர்த்தத் தெரிந்தவர்கள்.

அண்ணனுக்கு அறுபது வந்தது. காலையில் கோயிலில் அறுபதாம் கல்யாணம், மாலையில் ரிசப்ஷன். ரிசப்ஷனுக்கு ஹவாய் தீம் என்று அண்ணி முடிவுசெய்தாள். ஏன் ஹவாய் என்று கேட்டால், “எல்லாரும் பாலிவுட் தீம் பண்ணிட்டாங்க,” என்றாள். எனக்கு எதிர்வீட்டில் ஆள் தெரியும் என்று கண்டுபிடித்ததும் ஃபோன் வந்தது.

“எண்டர்டெயின்மெண்ட் ஃபுல்லா நீதான் பாத்துக்கணும். உன்னை விட்டா யார் இருக்கா?” என்றாள் அண்ணி.

அந்தக் கடைசி வாக்கியத்தில் நான் விழுந்தேன். இத்தனை வேலை செய்தால், இந்த ஒரு தடவையாவது அண்ணன் என்னை மேடைக்குக் கூப்பிடுவான் என்று நினைத்தேன். வேறு எதுவும் வேண்டாம். ‘இது என் தங்கச்சி’ என்று சொல்லிப் பக்கத்தில் நிற்க வைத்தால் போதும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்த ஒன்றுக்காகத்தான் ஒரு மாதம் நாயாக அலைந்தேன்.

அண்ணியின் நிபந்தனைகள் ஒவ்வொன்றாக வந்தன. பன்றி கூடாது, சரி, நியாயம். அந்தக் குழியில் இதற்கு முன் பன்றி இருந்திருக்கக் கூடாது. அது எப்படி முடியும்? மணலை மாற்றச் சொன்னாள். மாற்றினார்கள். “புது மண்ணா இருந்தா தோஷமில்லை”யாம், புரோகிதரிடம் கேட்டுவிட்டாளாம். ஆனால் தோண்டி எடுக்கிற சடங்கு கட்டாயம் வேண்டும், ஃபோட்டோகிராஃபருக்குச் சொல்லியாகிவிட்டது. அப்படியானால் எதைத் தோண்டி எடுப்பது? நாலு பேர் கூடி யோசித்து, முழுப் பலாப்பழம் ஒன்றைப் புதைப்பது என்று முடிவானது. இதைக் கேட்டதும் எதிர்வீட்டுக்காரி என் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் தம்பி மட்டும் சிரிக்கவில்லை. பலா எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்று மிகவும் கவலையாகக் கேட்டார். கூடவே சேப்ப இலையில் வெங்காயமும் தேங்காய்ப்பாலும் பொதிந்து வேகவைப்பதாகச் சொன்னார். அது அவர்கள் வீட்டுச் சாப்பாடு. நம் வீட்டிலும் சேப்ப இலை உண்டு, சரியாக வேகாவிட்டால் தொண்டை அரிக்கும் என்று சொன்னேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

அடுத்தது சங்கு. ஒத்திகை பார்க்க வந்த அண்ணி, சங்குச் சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டாள்.

“ஐயோ, நிறுத்தச் சொல்லு! அறுபதாம் கல்யாணத்துல போய் சங்கு ஊதறாங்களே! சாவுக்கு ஊதற மாதிரி!”

சங்குக்குப் பதிலாக ஸ்பீக்கரில் நாதஸ்வரம் போடுவது என்று ஆனது. ஆக, ஃபைபர் எரிமலைக்குப் பின்பக்கம், கெட்டிமேளத்தோடு, புது மணலில் இருந்து ஒரு பலாப்பழத்தை டோங்காக்காரர்கள் தோண்டி எடுப்பார்கள். இதற்குப் பெயர் கலாசார நிகழ்ச்சி. முதலாளி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். காசோலை கைமாறிவிட்டால் அவருக்கு எந்தத் தீவாக இருந்தால் என்ன?

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் எதிர்வீட்டுக்காரி என்னிடம் வந்து, “உன் அண்ணனுக்கு என் குடும்பம் ஒன்று தர வேண்டும். என் தம்பி மகள் அந்த நடனம் ஆடட்டும். முதலாளி காசுக்கு ஆடுவது இல்லை அது. நீ என் சிநேகிதி என்பதற்காக,” என்றாள். எரிமலை மேடையில் அந்த நடனம் ஒருநாளும் நடந்ததில்லை. முதலாளிக்கு அது பிடிக்காது. இடுப்பே ஆடவில்லையே என்பார்.

நான் அண்ணியின் தம்பியைத் தேடிப்பிடித்தேன். அவன்தான் மைக் பிடித்து நிகழ்ச்சி நடத்துவதாக இருந்தான். இந்த நடனத்தின் நடுவில் அத்தை வந்து பின்னால் குதிப்பாள், அது வழக்கம், கண்டுகொள்ளாதே என்று இரண்டு தடவை சொன்னேன். “ஓகேக்கா, நோட்டட்,” என்றான். கண் முழுக்க ஃபோனில்.

காலையில் கோயிலில் என்ன நடந்தது என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். தம்பதிக்குக் கலச நீர் ஊற்ற உறவுக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். நானும் ஒரு சொம்பை எடுத்தேன். அண்ணி ஈரப் புடவையோடு மணையில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“கேட்டரிங் ஆள் வந்துட்டானான்னு கொஞ்சம் பாரேன். உனக்குத்தான் அவன் நம்பர் தெரியும்.”

அண்ணன் அப்போது கோயில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூரையில் ஃபேன்கூட இல்லை. சொம்பை வைத்துவிட்டு நான் பார்க்கிங்குக்குப் போனேன். கேட்டரிங் ஆள் எனக்கு முன்னாலேயே வந்து இட்லி இறக்கிக்கொண்டிருந்தான்.

மாலையில் எரிமலைக்கு எல்லோரும் வந்து சேர்ந்த அழகைச் சொல்ல வேண்டும். பட்டுப் புடவைக்கு மேலே பிளாஸ்டிக் பூமாலை. வேட்டிக்கு மேலே கிளி போட்ட சட்டை. ஒரு அங்கிள் தொப்பையில் அன்னாசிப்பழம் அச்சடித்திருந்தது. “ஹவாய்ல நாங்க ரெண்டு தடவ ஸ்டே பண்ணியிருக்கோம், இதெல்லாம் அத்தெண்டிக்கே இல்ல,” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பலாப்பழம் கெட்டிமேளத்தோடு வெளியே வந்தது. அண்ணனும் அண்ணியும் அதன் இரண்டு பக்கமும் நின்று போஸ் கொடுத்தார்கள். பிறகு மேடையில் போட்டோ: அண்ணியின் அக்கா குடும்பம், அண்ணியின் சித்தப்பா குடும்பம், கம்பெனி ஆட்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், யோகா கிளாஸ். அண்ணியின் தம்பி மைக்கில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நான் கடைசி வரிசையில், செருப்பு கழற்றிப் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பெயருக்கும் என் முதுகு நிமிர்ந்தது. அந்த முதுகை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

எதிர்வீட்டுக்காரி மேடை ஓரத்திலிருந்து இதையெல்லாம் கவனித்துவிட்டு என்னிடம் வந்தாள். இடுப்பில் அவள் பாட்டன் காலத்துப் பாய், நார் நாராகத் தொங்கியது.

“நீ ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாய்? நீ அவன் சகோதரி இல்லையா?”

“எங்கள் பக்கம் கணவன் இல்லாதவள் நல்ல காரியத்தில் முன்னால் வரக் கூடாது,” என்றேன். ஆங்கிலத்தில் சொல்லும்போது அது இன்னும் கேவலமாக ஒலித்தது.

“கணவன் செத்தால் சகோதரன் இல்லாமல் போய்விடுவானா?” என்றாள். அதற்குள் அவளுக்கு மேடையிலிருந்து கூப்பாடு வந்தது, போய்விட்டாள்.

பெண் ஆட வந்தாள். முதல் சில நிமிஷம் கூட்டம் பேசிக்கொண்டேதான் இருந்தது. பிறகு மெதுவாக அடங்கியது. விரல்கள் அப்படி. நம் பெண்களை எல்லாம் பரதநாட்டியம் படிக்கவைத்து அரங்கேற்றத்துக்கு வீட்டுக் கடன் வாங்குகிற ஜனம் இல்லையா, கையைப் பார்த்தால் தெரிந்துகொள்கிற அளவுக்கு விஷயம் உண்டு. எனக்குக்கூட ஒரு நிமிஷம் எங்கள் ஆட்கள் மேல் மரியாதை வந்தது.

அப்போது எதிர்வீட்டுக்காரி பின்னாலிருந்து பாய்ந்து வந்தாள். கண்ணை உருட்டினாள். கையை ஆட்டினாள். குதித்தாள். அரங்கேற்றம் பார்த்தே வளர்ந்த கூட்டத்துக்கு இதைவிடப் பெரிய அபசாரம் இருக்க முடியாது. சலங்கைக்குப் பூஜை போட்டு, மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஆடுகிற இடத்தில் ஒருத்தி வந்து இப்படிக் குதித்தால்?

“ஐயையோ, யாரு அது? குடிச்சிருக்கா!” என்று முன்வரிசையில் ஒரு ஆன்ட்டி அலறினாள்.

“பாவம், அந்தக் கொழந்த நல்லா ஆடிட்டிருந்துதே! யாராவது புடிங்களேன்!”

‘நோட்டட்’ என்று சொன்ன மகானுபாவன் மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேடையில் ஏறினான். எதிர்வீட்டுக்காரியின் மணிக்கட்டைப் பிடித்து, வாயெல்லாம் பல்லாக, படிக்கட்டு வரைக்கும் இழுத்துவந்து கீழே இறக்கிவிட்டான். கூட்டம் கைதட்டியது. ஆடுகிற பெண்ணைக் காப்பாற்றிவிட்டார்களாம்.

அந்தப் பெண் ஆட்டத்தை நிறுத்தினாள். அப்படியே மேடை நடுவில் உட்கார்ந்துவிட்டாள். பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி ஓரத்திலிருந்து ‘எழுந்திரு, எழுந்திரு’ என்று கையைச் சுழற்றினார். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கீழே நின்ற அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து மட்டும் நிமிர்ந்திருந்தது, கண் நிறைந்துவிட்டது.

சமையல் பக்கத்திலிருந்து எதிர்வீட்டுக்காரியின் தம்பி வந்தார். அவர் ஒரே அடியில் மூன்று பேரைப் படுக்க வைக்கக்கூடியவர் என்பதால் எங்கள் ஆட்கள் கப்சிப் ஆனார்கள். அவர் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கி நின்றார். அவள் மறுபடியும் படியேறி மேடைக்குப் போனதும், அவர் அந்தப் படிக்கட்டின் குறுக்கே, மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இனி அவரைத் தாண்டி ஒருத்தனும் ஏற முடியாது. அக்காவின் ஆட்டத்தை அவர் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அதுவும் மரியாதைதான் என்று எதிர்வீட்டுக்காரி பிறகு சொன்னாள்.

ஒரு தம்பி அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போது மேடையிலிருந்து எதிர்வீட்டுக்காரி விமான நிலையக் குரலில் என்னைக் கூப்பிட்டாள். என் பெயரைச் சொல்லவில்லை. “ஏய், சிஸ்டர்! நீயும் வா!” என்றாள்.

நடுப்பாதை வழியே நடந்தேன். படிக்கட்டில் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். உடனே நகர்ந்து வழிவிட்டார். அண்ணியின் தம்பி “அக்கா, அக்கா, நீங்க எங்க…” என்று பின்னால் ஓடிவந்தான். அவனுக்கு வழி கிடைக்கவில்லை.

எனக்கு ஆடத் தெரியாது. முழங்காலில் வலி வேறு. வெண்டைக்காய்ப் பாத்தியில் அணிலை விரட்டுகிற மாதிரி கையை வீசினேன், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குதித்தேன். பெண் எழுந்து ஆடத் தொடங்கிவிட்டாள். அவளுக்குப் பின்னால் இரண்டு கிழட்டு அத்தைகள் தையா தக்கா என்று குதித்தோம். பின்வரிசையில் பிள்ளைகள் விசிலடித்தார்கள். முன்வரிசைப் பட்டுப்புடவைகள் உறைந்துபோயிருந்தன. அத்தனை பேருக்கும் நான் யார், என்ன என்று தெரியும். பொட்டில்லாத நெற்றியோடு மங்கள மேடையில் ஒருத்தி குதிக்கிறாள்! வெள்ளைக்காரன் நாட்டில் எல்லாச் சுதந்திரத்தையும் அனுபவித்துவிட்டு, இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் ஊரிலிருந்து பயத்தை செக்-இன் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தவர்கள். பார்க்கட்டும் என்று இன்னும் எம்பிக் குதித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் அசிங்கப்பட்டதில்லை.

அண்ணன் மேடைக்குக் கீழே வந்து நின்றான். கழுத்தில் பூமாலை, கண்ணில் கலவரம். காலையிலிருந்து அவன் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“போதும், எறங்கு. எல்லாரும் பாக்கறாங்க.”

ஆட்டம் முடிகிற வரைக்கும் நான் இறங்கவில்லை.

முடிந்ததும் முதலாளி வந்து எதிர்வீட்டுக்காரியின் தோளைத் தட்டினார். காமெடி பிரமாதம், இனிமேல் வாராவாரம் இதைச் சேர்த்துக்கொள்ளலாம், வேறு பெண்கள் ஆடினாலும் பின்னால் வந்து குதி என்றார். அவள் அவர் கையை எடுத்து அவரிடமே கொடுத்துவிட்டாள். “என் தம்பி மகளுக்குப் பின்னால்தான் குதிப்பேன்,” என்றாள். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் அங்கே நெடுநாள் இருக்கவில்லை. அவர்கள் போனதும் முதலாளி ஒரு டான்ஸ் ஸ்கூலிலிருந்து ஆள் வைத்துப் பார்த்தார், எரிமலையைப் பெரிதாக்கினார், கடைசியில் இழுத்து மூடினார். அதைப்பற்றி எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

சாப்பாட்டு வரிசை நீண்டிருந்தது. நான் கால் நீட்டி உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரியின் தம்பி சமையல் கட்டிலிருந்து இரண்டு தட்டு கொண்டுவந்தார். வரிசையில் யாருக்கும் இன்னும் பரிமாறியிருக்கவில்லை. முதல் தட்டை அக்காவிடம் கொடுத்தார். அடுத்ததை என்னிடம் நீட்டினார். சேப்ப இலைப் பொதி, ஆவி பறந்தது, நன்றாக வெந்திருந்தது. எல்லோருக்கும் முன்னால் ஏன் எங்களுக்கு என்று கேட்டேன். சகோதரிகள் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் என்று சொல்லிவிட்டு, அதில் விளக்க என்ன இருக்கிறது என்பது போல் உள்ளே போனார்.

சாப்பிட்டேன். நிதானமாக, வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் பார்க்க, கடைசி இலை வரைக்கும் சாப்பிட்டேன். அண்ணன் காலித் தட்டோடு வரிசையை விட்டு வந்து என் எதிரில் நின்றான்.

“ஏன் இப்படிப் பண்ணே?”

“நீ கூப்பிடுவேன்னு பாத்துட்டே இருந்தேன்ணா. காலைலேர்ந்து.”

மூன்று நாட்டு ஆட்களை எழுப்புகிறவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அண்ணி எங்கே நிற்கிறாள் என்று திரும்பிப் பார்த்தான். பிறகு, எங்கள் வீட்டு ஆண்களுக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியாதபோது கேட்கிறதைக் கேட்டான்.

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்,” என்றேன். “உனக்கு முன்னாடி.”